புட்டர் முகத்தில் பவுடர் ஸ்ப்ரே: இரண்டு வருடத்துக்குப் பிறகு

கோல்ஃபில் பந்தைக் குழியை நோக்கி உருட்டும் புட்டிங்கில் எல்லோரும் திசையைத்தான் பார்க்கிறார்கள். புட்டர் என்ற அந்த மட்டையின் முகத்தில், அதாவது பந்தை அடிக்கும் பரப்பில், பந்து எங்கே பட்டது என்று பார்ப்பவர்கள் குறைவு. அதைப் பார்க்க நான் இரண்டு வருடத்துக்கு மேலாகப் பயன்படுத்துவது, கால் வியர்வைக்கு அடிக்கும் சாதாரண பவுடர் ஸ்ப்ரே.

ஒரு முழம் தள்ளிப் பிடித்து மெலிசாக ஒரு தடவை அடித்தால் போதும். பந்து பட்ட இடத்தில் பவுடர் உதிர்ந்து, மிளகளவு தடம் விழும். உற்றுப் பார்த்தால் பந்தின் பள்ளங்கள்கூடத் தெரியும். நாலைந்து பந்துக்கு ஒரு தரம் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். மில்லிங் கோடுகள் (இயந்திரத்தால் வெட்டிய நுண் வரிகள்) உள்ள முகம் என்றால் பழைய டூத்பிரஷ்ஷும் தேவை.

எனக்கு ஆறடிக்குள் தடம் நடுவிலேயே விழும். முப்பதடி என்று வந்தால் டோ பக்கம், அதாவது புட்டர் தலையின் வெளி நுனிப் பக்கம், நகர்ந்துவிடும். நடுவை விட்டுப் பட்டால் புட்டர் தலை முறுக்கிக்கொள்கிறது, பந்துக்கு வேகம் முழுசாகப் போய்ச் சேருவதில்லை. வலது கை ஆட்டக்காரருக்கு டோவில் பட்ட பந்து சற்று வலப்பக்கம் விலகி, குழிக்கு முன்பே நின்றுவிடும். தூரக் கணிப்பு சரியில்லை என்று நாம் நினைக்கும் பல புட்டுகளுக்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து. பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் எடையை ஹீல் (ஆட்டக்காரர் பக்க முனை), டோ இரண்டு பக்கமும் ஒதுக்கி பிங் புட்டர்களை வடிவமைத்ததும் இந்த முறுக்கலைக் குறைக்கத்தான். 1966-இல் வந்த பிங் ஆன்சர் புட்டரின் சாயல் இன்றும் எத்தனையோ புட்டர்களில் இருக்கிறது.

பந்து பட்ட இடத்தைக் காட்டும் இம்பாக்ட் டேப்பையும் முகத்தில் ஒட்டிப் பார்த்தேன். சத்தமும் கைக்கு வரும் உணர்வும் மங்கிவிடுகின்றன, புட்டிங்குக்கு வேண்டாம். பந்தில் மார்க்கரால் புள்ளி வைத்து அடிக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக வைக்க வேண்டும். சாம் புட்லேப் போன்ற கருவி படும் இடத்தோடு முகக் கோணத்தையும் அளந்துவிடும். தினப் பயிற்சிக்கு அது கட்டுப்படியாகாது.

முகக் கோணத்தைப் பவுடர் காட்டாது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தக் கோணம்தான். அதனால் நடுவில் தடம் விழுந்தும் பந்து விலகிப் போனால், பவுடரை விட்டுவிட்டு முகம் எங்கே பார்க்கிறது என்று சோதியுங்கள். தடமே சிதறிக் கிடந்தால் புட்டர் தலை மட்டும் நுழையும்படி இரண்டு டீ (பந்தை வைத்து அடிக்கும் சிறு முளை) குத்தி, அவற்றில் இடிக்காமல் அடித்துப் பழகுங்கள். டைகர் வுட்ஸ் செய்யும் பயிற்சிதான். ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள், தடங்கள் நெருங்கி வந்திருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.