வீட்டு நாஸ்ல இருக்குற பாட்டு இப்போ கார்ல

பல வருஷமா சேத்து வெச்ச பாட்டெல்லாம் கார்ல கேக்கணும்னு ஆசை, வீட்டு நாஸ்ல (நெட்வொர்க்ல மாட்டி வெச்ச ஸ்டோரேஜ் பெட்டி) நாவிட்ரோம்னு பாட்டு சர்வர் போட்டேன், அது ஃப்ரீ, அதுல இருந்து பாட்டு எடுத்து ஓட்ட போன்ல சிம்ஃபோனியம் ஆப், அதுக்கு காசு குடுக்கணும் ஆனா ஒர்த்து, போன் ஆப்பை கார் ஸ்கிரீன்ல காட்டுற ஆண்ட்ராய்டு ஆட்டோல ஆல்பம் படத்தோட அழகா வருது. நம்ம நெட் கனெக்‌ஷன்ல பல வீட்டுக்கு சேத்து ஒரே ஐபி, வெளிய இருந்து நேரா உள்ள வர முடியாது, அதனால போனையும் நாஸையும் தனி நெட்வொர்க்கா இணைக்குற டெயில்ஸ்கேல் போட்டேன். தரம் குறையாத பெரிய ஃப்ளாக் ஃபைல மட்டும் அப்படியே ஓட்டாதீங்க, நாலு நிமிஷ பாட்டே 25 எம்பி கிட்ட வரும், 128 கேபிபிஎஸ் ஓபஸ்ங்குற சின்ன சைஸ் ஃபார்மேட்டா மாத்தி அனுப்ப வெச்சா 4 எம்பில முடியுது, ஓடுற கார் சத்தத்துல வித்தியாசம் கண்டுபிடிச்சா நீங்க பெரிய ஆளு! மலைப்பாதைல சிக்னல் போயிடும்னு முன்னாடியே நாலு ஆல்பம் இறக்கி வெச்சுக்குறேன். என் கார் ஸ்டீரியோதான் வயர்லெஸ்ல அப்பப்போ முரண்டு பிடிக்குது, கேபிள் சொருகினா கம்முனு பாடுது.