ஹோலில் ஒரு சின்னக் கொம்பியூட்டர்: மூன்று வருடம் பாவித்த பின்

2022 ஒக்டோபரில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய், பாவித்த மேசைக் கொம்பியூட்டர் ஒன்றை 48,000 ரூபாவுக்கு வாங்கி வந்தேன். மேசைக் கொம்பியூட்டர் என்றதும் பெரிய பெட்டியை நினைக்க வேண்டாம். மூன்றரை சென்ரிமீற்றர் தடிப்புத்தான். ஒரு தடித்த அகராதியைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டு ஹோலில், டிவிக்குப் பின்னால் அன்று வைத்தது இன்றும் அங்கேயே இருக்கிறது. அதில் யாரும் வேலை செய்வதில்லை. படம் பார்க்க, பாட்டுக் கேட்க, ரொறன்ரோவில் இருக்கும் சித்தியோடு கதைக்க மட்டும்தான்.

வாங்கியதற்குக் காரணம் அம்மா அப்பாவின் கலியாணவீட்டு வீடியோ. விஎச்எஸ் கசெட்டில் இருந்ததை ஒருவரிடம் கொடுத்து ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றியிருந்தோம். டிவியின் யூஎஸ்பியில் கொழுவினால் சில பைல்கள் ஓடும், சில "இந்த வடிவம் ஆதரிக்கப்படவில்லை" என்று நின்றுவிடும். சித்தியின் பிள்ளைகள் ஐபோனில் எடுத்து அனுப்பும் வீடியோக்களும் அப்படித்தான். நெட்ஃபிளிக்ஸும் யூடியூப்பும் மட்டும் போதுமென்றால் டிவியில் செருகும் ஒரு ஸ்டிக் போதும், அது மலிவும்கூட. வீட்டுச் சொந்த வீடியோக்கள் சேர்ந்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பெட்டி தேவைப்படும்.

டெல் மைக்ரோ, எச்பி மினி, லெனோவோ டைனி என்று மூன்று கம்பனிகளும் ஒரே அளவில் செய்யும் பெட்டிகள் இவை. வெளிநாட்டு அலுவலகங்கள் மொத்தமாக வாங்கிச் சில வருடங்களில் கழித்துவிட, அவை இங்கே வந்து சேர்கின்றன. கடையில் இருந்த தம்பி ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 சிப் உள்ள பெட்டி ஒன்றை முன்னால் வைத்து, "அண்ணா, இதுதான் ஸ்பீட்" என்றார். நான் ஏழாம் தலைமுறை ஐ3-7100டி உள்ளதை எடுத்தேன். படம் பார்க்க ஐ3, ஐ5 என்ற இலக்கத்தை விடத் தலைமுறைதான் முக்கியம். இப்போதைய 4கே படங்கள் பெரும்பாலும் எச்இவிசி 10-பிட் முறையில் சுருக்கப்பட்டிருக்கும். அதை விரித்துக் காட்டும் வேலையைச் சிப்பில் வீடியோவுக்கென்றே உள்ள பகுதி முழுமையாகப் பார்த்துக்கொள்வது இன்டெலில் ஏழாம் தலைமுறையில் இருந்துதான். ஆறாம் தலைமுறையில் அந்தச் சுமை புரொசஸரின் தலையில் விழும், காற்றாடி கத்தும், படம் விக்கும். என் ஐ3 அதே படத்தைச் சத்தமே இல்லாமல் ஓட்டுகிறது. ராம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 256 ஜிபி. இந்த வேலைக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

முதல் நாளே ஒரு சிக்கல். பெட்டியின் பின்னால் டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ துளை இல்லை, டிஸ்பிளேபோட் என்ற வேறு துளை மட்டும். அவசரத்தில் மலிவான மாற்றி ஒன்றை வாங்கிக் கொழுவினேன். படம் வந்தது, ஆனால் மவுஸ் அம்புக்குறி சேற்றில் நடப்பதுபோல இழுபட்டது. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் 4கே 30 ஹேர்ட்ஸ் என்று இருந்தது, அதாவது செக்கனுக்கு 30 தரம்தான் திரை புதுப்பிக்கப்படுகிறது. அந்த மாதிரி மாற்றிகளால் அதற்கு மேல் கொடுக்க முடியாது. "அக்டிவ்" என்று கேட்டு, 4கே 60 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருக்கிற மாற்றியை வாங்க வேண்டும். விலை இரண்டு மூன்று மடங்கு. கொம்பியூட்டர் வாங்கும் அன்றே அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் அம்மம்மா. அவவுக்கு 81 வயது. வயரில்லாத கீபோட்டை நான் சோபாவில் வைத்திருந்தேன். முதல் ஆறு மாதம் அவ அதைத் தொடவே இல்லை. நான் வேலையால் வரும்வரை டிவியைப் பார்த்தபடி இருப்பா, வந்ததும் "தம்பி, அந்தக் கச்சேரியைப் போட்டுவிடடா" என்று கேட்பா. வீட்டில் எல்லோருக்கும் என்று வாங்கிய சாமான் என் ஒருவனின் சாமானாகிப்போனது எனக்கு மனவருத்தமாகவே இருந்தது. ஸ்டிக்குகளில் டிவி றிமோட்டே எல்லாவற்றையும் இயக்கும். இந்த அலுவலகப் பெட்டிகளில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது.

2023 நடுப்பகுதியில் யூஎஸ்பி ரிசீவரோடு வரும் சின்ன றிமோட் ஒன்று வாங்கினேன். கொம்பியூட்டர் அதைக் கீபோட் என்றே நினைத்துக்கொள்ளும். பெட்டி உயிர்த்ததும், படமும் பாட்டும் ஓட்டுகிற கோடி (Kodi) என்ற மென்பொருள் நேரே திறக்கும்படி செய்தேன். அதன் முகப்பில் நான்கு சின்னங்கள் மட்டும்: கச்சேரி, கோயில், படம், கலியாணவீடு. தேவையில்லாத பட்டன்களை, அம்மம்மா பூச்சாடிக்கு ஒட்டுகிற அதே வெள்ளை டேப்பால் மூடிவிட்டேன். மேல், கீழ், ஓகே, திரும்பு, சத்தம் கூட்ட, குறைக்க. அந்த ஆறு பட்டன்தான் மிச்சம். அடுத்த கிழமை நான் வரும்போது ஹோலில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. லிப்டில் இருந்து இறங்கும்போதே கேட்டது, அவ்வளவு சத்தம்.

சத்தம் என்றதும் ஒன்று. படத்தில் சண்டை காதைப் பிளக்கிறது, ஆட்கள் கதைப்பது கேட்கவில்லை என்று உங்கள் வீட்டிலும் முறைப்பாடு வந்தால், கோடியின் ஒலி அமைப்பில் சனல் எண்ணிக்கை 2.0 என்று இருக்கிறதா பாருங்கள். டிவியில் இருப்பது இரண்டு ஸ்பீக்கர். பெட்டி ஆறு சனலுக்கு அனுப்பினால், நடுச் சனலில் வரும் பேச்சுக்குப் போக இடமில்லாமல் போய்விடலாம்.

கலியாணவீட்டு வீடியோவிலும் நான் நிறைய நேரம் செலவழித்தேன். கமராக்காரர் பந்தலுக்குள் வரிசையாக இருந்த ஆட்களை இடமிருந்து வலமாக மெதுவாக எடுத்துக்கொண்டு போகிறார். அந்த இடத்தில் ஒவ்வொரு முகமும் நின்று நின்று துள்ளியது. கசெட் பழுது என்றுதான் நினைத்தோம். கசெட்டில் பிழையில்லை. இலங்கையில் அந்தக் கால வீடியோ பால் (PAL) என்ற முறை, செக்கனுக்கு 25 படம். திரை செக்கனுக்கு 60 தரம் புதுப்பித்தால் 25 அதற்குள் சமமாகப் பிரியாது. கோடியில் "திரையின் வேகத்தைப் படத்துக்கு ஏற்ப மாற்று" என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டதும் டிவி 25இன் இரு மடங்கான 50 ஹேர்ட்ஸுக்கு மாறியது. வரிவரியாய்ப் பின்னப்பட்ட படத்தைச் சேர்க்கும் டீஇன்டர்லேஸையும் போட்டேன். இரண்டாம் தரம் ஓட்டியபோது அந்த வரிசை வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவது கதிரையில் இருந்த தன் தமையனை அம்மம்மா அன்றுதான் சரியாகக் கண்டா. "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்றா. நிப்பாட்டினேன். அந்தப் படம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை இரவு 7 மணிக்குச் சித்தி. கோடைகாலத்தில் ரொறன்ரோவில் அப்போது காலை ஒன்பதரை. டிவிக்கு மேல் ஒரு சாதாரண வெப்கமராவை வைத்து பிரவுசரில் அழைப்போம். போனைக் கைமாற்றி மாற்றி, நெற்றியும் மேற்கூரையும் மட்டும் தெரிய கதைத்த காலம் போய், இங்கே ஐந்து பேரும் அங்கே நான்கு பேரும் முழுதாகத் தெரிகிறோம். 48,000 ரூபா எனக்கு இதற்கே பெறும்.

அப்பா "நூலகம்" என்ற இணையத்தளத்தில் இருக்கும் பழைய இதழ்களை டிவியில் பெரிதாக்கி வாசிப்பார். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் வாசிப்பை விடாமல் இருக்க அது உதவியது.

பழுதுகளையும் சொல்ல வேண்டும். வாங்கிய காலத்தில் தினமும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு. கரண்ட் வந்தபின் ஒருநாள் யூடியூப் உட்பட ஒரு தளமும் திறக்கவில்லை, பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கை. ரவுட்டரைத் திட்டிவிட்டுப் பிறகு பார்த்தால் பெட்டியின் திகதி 2017! உள்ளே இருக்கும் சிஆர்2032 என்ற காசு மாதிரிப் பற்றரி இறந்துவிட்டது. கரண்ட் போனால் நேரத்தை மறந்துவிடும், திகதி பிழைத்தால் தளங்களின் சான்றிதழ்கள் செல்லாது. நூற்றுச் சொச்ச ரூபாவில் முடிந்தது. பாவித்த பெட்டி வாங்கினால் முதல் நாளே அதை மாற்றுங்கள். பயோஸில், அதாவது பெட்டியின் அடிப்படை அமைப்புத் திரையில், "கரண்ட் திரும்பினால் தானே இயங்கு" என்பதையும் போட்டுவையுங்கள். 2025 பெப்ரவரி 9, நாடு முழுக்க இருண்ட ஞாயிறு, நான் வீட்டில் இல்லை. கரண்ட் வந்ததும் பெட்டி தானாக எழும்பி கோடிக்குள் போயிருந்தது.

கடலுக்குக் கிட்ட இருப்பதால் உப்பும் தூசியும் சேர்ந்து காற்றாடியில் பசைபோல ஒட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஸ்குரூ கழற்றி, தூரிகையால் துடைக்கிறேன். இரண்டாம் வருடம், சிப்பின் சூட்டைக் கடத்த அதன்மேல் பூசும் வெப்பப் பசையையும் மாற்றினேன். அடப்டர் ஒருமுறை செத்தது. அதே வோல்ட் கொண்ட வேறொன்று போட்டேன். மின்சாரச் செலவு பெரிதில்லை. படம் ஓடும்போது மீற்றரில் 15 வாட் அளவில் காட்டியது. தினம் ஐந்து மணித்தியாலம் ஓடினாலும் மாதம் இரண்டேகால் யூனிட்தான்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழ் உத்தியோகபூர்வமாக ஏறாது. ஒரு சனிக்கிழமை விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டேன், இலவசம். கோடியின் முகப்பு அப்படியே இருந்ததால் அம்மம்மாவுக்கு மாற்றம் தெரியவே இல்லை. இழந்தது ஒன்று: லினக்ஸ் பிரவுசரில் நெட்ஃபிளிக்ஸ் 4கே வராது. யூடியூப் ஏவி1 என்ற புதிய சுருக்கு முறையில் அனுப்பும் வீடியோக்களும் இந்தச் சிப்புக்குச் சுமை. ஃபயர்ஃபொக்ஸில் ஏவி1ஐ நிறுத்தினேன். யூடியூப் விபி9 என்ற பழைய முறைக்கு மாறியது, விக்கல் நின்றது.

இன்று புதிதாக வாங்குவதென்றால் இன்டெல் என்100 உள்ள சின்னப் பெட்டியைப் பார்ப்பேன். 2023இல் வந்த சிப், ஏவி1ஐ அதுவே விரிக்கும், விண்டோஸ் 11 ஓடும். ஆனால் என் பெட்டியை மாற்றும் எண்ணம் இல்லை.

இன்னும் இரண்டு கசெட் ஏற்றாமல் இருக்கிறது. ஒன்றில் வெள்ளையாய்ப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. அதைத் துப்புரவாக்கி ஓட்டக்கூடிய ஆள் கொழும்பில் யாரும் இருந்தால் சொல்லுங்கள். அம்மம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறா.