ஆய்வறிக்கை அச்சடித்த கடை: எழுத்துக்கு நம்பிப் போகலாம், வரைபுக்குக் கூடவே நில்லுங்கள்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு போட்டோ கொப்பிக் கடை. பெயர் வேண்டாம், நல்ல மனிசர்கள்.

என்னுடையது 64 பக்க இறுதியாண்டு அறிக்கை. அடர்ந்த பிளாஸ்மாவில் (அணுக்களிலிருந்து இலத்திரன்கள் கழன்றுபோன பொருள்) இலத்திரன்கள் மின்னையும் வெப்பத்தையும் கடத்துவதைக் கணிப்பது பற்றியது. முதல்நாள் வேர்ட் கோப்பைக் கொண்டுபோனது என் பிழைதான். லம்டா என்ற கிரேக்க எழுத்து வரவேண்டிய இடமெல்லாம் வெறும் சதுரப் பெட்டி.

"அண்ணன், இந்தப் பெட்டி இருக்கத்தானே வேணும்?" என்றான் கடைத் தம்பி.

எங்கே இருக்க! அறிக்கையின் பாதி அந்த எழுத்தைப் பற்றித்தான். 1953இல் ஸ்பிட்சரும் ஹார்மும் தந்த கடத்துதிறன் சூத்திரத்தில், இலத்திரன் மோதல்களின் அளவைக் குறிக்க, லம்டாவின் மடக்கையான கூலோம் மடக்கை என்று ஒன்று வரும். ஐதான, சூடான பிளாஸ்மாவில் அது 10 அளவில் நிற்கும், தொல்லையில்லை. அடர்த்தியைக் கூட்டிச் சூட்டைக் குறைத்தால் 1க்குக் கீழே இறங்கி, மறுகா மறைப்பெறுமானமாகவே போய்விடும். கடத்துதிறன் மறை என்று விடை வந்தால் யாரிடம் காட்டுவது? அதனால்தான் 1984இல் லீயும் மோரும் தங்கள் மாதிரியில் அதை 2க்குக் கீழே இறங்க விடவில்லை.

அடுத்த நாள் பிடிஎஃப் கொடுத்தேன். கீழ்க்குறிகள்கூடத் துல்லியமாக விழுந்தன. கறுப்பு வெள்ளை பக்கம் 10 ரூபாய், கலர் 60.

கோளாறு வரைபில். அலுமினியத்தின் மின் கடத்துதிறன்: ஸ்பிட்சர் சிவப்பு, லீ-மோர் நீலம், கூபோ-கிரீன்வுட் என்ற குவாண்டம் கணிப்பு முறையில் எடுத்த புள்ளிகள் பச்சை. கேட்காமலே கறுப்பு வெள்ளையில் அடித்துவிட்டார்கள். உலோகத்தைச் சூடாக்கச் சூடாக்கக் கடத்துதிறன் முதலில் விழுந்து, சில பத்து இலத்திரன் வோல்ட் (பல இலட்சம் பாகைச் சூடு) கடந்த பிறகு ஏறும். மாதிரிகள் சண்டை பிடிப்பது அந்தப் பள்ளத்தில்தான். அங்கே மூன்றும் ஒரே சாம்பல்! வெப்பக் கடத்துதிறன் படத்துக்கும் அதே கதி. முதலாளி ஒரு சொல்லும் சொல்லாமல் இரண்டையும் கலரில் திரும்ப அடித்துத் தந்தார், காசும் வாங்கவில்லை.

பைண்டிங் 1,200 ரூபாய், இரண்டு நாள். கறுப்பு ரெக்சின், பொன்னெழுத்து, மூலை மடங்கவில்லை. காலை பத்து மணிக்கு முன் போங்கள், பிறகு வரிசை.

நாலு பிரதியில் ஒன்றில் மட்டும் முதல்நாள் அடித்த 23ஆம் பக்கம் கலந்துவிட்டது, பெட்டிகளோடு. மேற்பார்வையாளர் சேரின் கைக்குப் போனது அந்தப் பிரதிதான்.