மொரிஸ் மைனரா பீஎம்டபிள்யூவா? திருகோணமலை ரோட்டில ரெண்டையும் ஓடிப் பாத்தாச்சு

மாமாட 1958 மொரிஸ் மைனர் 1000, கூட்டாளிட பீஎம்டபிள்யூ 530இ. இதென்ன கம்பரிசன் எண்டு சிரிப்பீங்க, ஒண்டு 948 சீசீ 37 குதிரை, மற்றது பெற்றோல் டர்போவும் கரண்ட் மோட்டரும் சேர்ந்து 252. ஆனா ரெண்டுக்கும் எஞ்சின் முன்னால, ஓடுறது பின்சில்லில, ஸ்டியரிங்கும் ரேக் அண்ட் பினியன்தான், சின்னப் பல்லுச்சக்கரம் ஒரு பல்லுத் தண்டை நேரா இழுத்து சில்லைத் திருப்புற வகை. மைனரை வடிவமைச்ச அலெக் இசிகோனிஸ் அதை 1948லயே வச்சிட்டார். உள்துறைமுக வீதி வளைவில மைனரைத் திருப்பேக்க ரோட்டில கிடக்கிற சின்னக் கல்லும் கைக்குத் தெரியுது. பீஎம்மில கை சொகுசு, ஆனா கல்லு கிடந்ததே தெரியாது. ஸ்டியரிங்குக்கு மட்டும் மார்க் போடச் சொன்னா மைனருக்குத்தான் போடுவன்.

பிரேக்குக்கு வந்தா கதையே வேற. மைனருக்கு நாலு சில்லும் டிரம், கால் அமத்துறதுக்கு உதவுற பூஸ்டர் ஒண்டும் இல்ல, காலால நல்லா அமத்தோணும், முன்னால போற ஓட்டோக்குப் பின்னால தாராளமா இடம் விட்டுத்தான் போகோணும். பழைய இரும்பு ஸ்ட்ராங் எண்டு பெருமை பேசுறவங்களுக்கு ஒண்டு சொல்றன், எயார் பேக் கிடையாது, மாமாட காருக்கு பெல்ட்டும் கிடையாது, இடிபட்டா அந்த அடி முழுக்க உள்ள இருக்கிறவனுக்குத்தான். பிள்ளைகளோட ஹபரணை ரோட்டால இரவில, யானை நிக்கிற நேரம் போறதெண்டா யோசிக்காம பீஎம்ல ஏறுவன். ஏசி வேற இருக்கு, சித்திரை வெயில்ல மைனருக்குள்ள ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்க தெரியும்.

பீஎம் கரண்ட்ல மட்டும் 50 கிலோமீட்டர் வரை போகும் எண்டு பேப்பரில போட்டிருக்கு, ஏசி போட்டு ஓடினா அவ்வளவு வராது, நிலாவெளிக்குப் போய் வாறதுக்குக் காணும். ஒரு வேடிக்கை, கோட்டைக்குள்ளால கோணேசர் கோயிலுக்கு ஏறேக்க கரண்ட்ல போனா சத்தமே இல்ல, மான் எல்லாம் நடு ரோட்டில நிண்டு எங்களையே பாக்குது, கடைசியா ஹோர்ன் அடிச்சுத்தான் வழி எடுத்தம். மைனர் எண்டா வாசல்லயே கேட்டு விலகிடும். மைனர்ல திரும்புறதுக்கு சிக்னல் லைட்டுக்குப் பதிலா கதவுக்குப் பின்னால இருந்து செம்மஞ்சள் கை ஒண்டு டக்கெண்டு எழும்பும், அதைப் பாத்துச் சிரிக்காத பிள்ளை இல்ல. பின்னால வாற மோட்டர்சைக்கிள்காரனுக்குத்தான் அது என்னெண்டு விளங்காது, அதால மாமா ஜன்னலால கையையும் காட்டுவார்.

பழுதெண்டா? மைனருக்கு பொயின்ட், பிளக், கார்பரேட்டர், அவ்வளவுதான், எங்கட ஊர் மெக்கானிக் பாஸ்மாருக்கு கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். பார்ட்ஸ் இலங்கையிலயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பின காலமும் இருந்தது. பீஎம்ல ஒரு லைட் பத்தினாலே ஸ்கேனர் தேடோணும், பெரிய வேலையெண்டா கொழும்புதான். ஸ்பெயார் சில்லும் இல்ல, காத்தில்லாமலும் கொஞ்சத் தூரம் ஓடுற ரன்பிளாட் டயர்தான், அது காத்துப் போனா 80 வேகத்தில 80 கிலோமீட்டர்தான் கணக்கு. கொழும்பில இருந்து வரேக்க கந்தளாய் தாண்டிட்டா பயமில்ல, அதுக்கு முதல் போனா கடவுளே!

தினம் கொழும்பு ஓடுறவர் பீஎம் எடுங்க. டவுனுக்குள்ள சும்மா ஓட, வீட்டோட வச்சிருக்க எண்டா மைனர். ஆனா எங்கட கடல்காத்துக்கு மைனர் வாங்கேக்க பெயின்டைப் பாத்து மயங்காதீங்க, மெட்டைத் தூக்கி தளத்தைப் பாருங்க, கதவுக்குக் கீழ நீளமா ஓடுற தகட்டையும் பின் ஸ்பிரிங் பூட்டுற இடத்தையும் ஸ்குரூ டிரைவரால குத்திப் பாருங்க. உள்ள போச்செண்டா எவ்வளவு குறைச்சுத் தந்தாலும் வேண்டாம்.