விஸ்பர்: செய்தி மேசையில் எதற்கு உதவும், எங்கே கவிழ்க்கும்?

இரண்டு மணி நேர பிரஸ் மீட் பதிவில் அமைச்சர் அந்த ஒரு வரியை எத்தனையாவது நிமிடத்தில் சொன்னார் என்று தேட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் அருமையான கருவி. அது எழுதித் தந்த வரியை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு அச்சுக்கு அனுப்பினால், மறுநாள் வருத்தம் தெரிவிக்க இடம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

இந்தச் செயற்கை நுண்ணறிவு மாடலை ஓபன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்டது. யாரும் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்னும் எம்ஐடி உரிமம், காசு கிடையாது. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். செய்தியாளருக்கு இதுதான் பெரிய லாபம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், முந்தைய வரைவுகளில் இருந்த இதழியல் விலக்கு காணாமல் போய்விட்டது. பெயர் சொல்ல விரும்பாத ஒருவரின் குரலை யாருடைய சர்வரிலோ ஏற்றுவதைவிட, அலுவலகக் கணினியிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

விஸ்பரின் பெரிய வடிவமான லார்ஜ்-வி3 மாடலுக்குச் சுமார் 10 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் வேண்டும். 2024இல் வந்த அதன் வேக வடிவமான டர்போவுக்கு 6 ஜிபி போதும். எழுத்தை உருவாக்கும் பகுதியான டிகோடரின் அடுக்குகளை 32இலிருந்து 4ஆகக் குறைத்திருப்பதால் பல மடங்கு வேகம். ஆனால் டர்போவுக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி இல்லை. ஆங்கில டெஸ்க்குக்கும் சேர்த்து வேலை வாங்கலாம் என்று அதை நம்ப வேண்டாம்.

தமிழுக்கு எப்படி? முதல் பதிப்பின் 6,80,000 மணி நேரப் பயிற்சி ஒலியில் தமிழ் எழுத்தாக்கத்துக்குக் கிடைத்தது 136 மணி நேரம்தான். அந்தப் பட்டியலில் இந்திக்கு 12 மணி நேரம் என்பதைப் பார்த்தால் நம் பாடு தேவலை. ஸ்டுடியோவில் நிதானமாகப் பேசும் குரலை நன்றாகவே எழுதுகிறது. மைக்குகள் முட்டி மோதும் இடத்தில் ர-ற, ல-ள-ழ குழம்பி ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் சிதைகின்றன. "வந்துட்டாங்க" என்று பேசியது சில இடங்களில் "வந்துவிட்டார்கள்" என்று திருந்திய நடையில் வந்து நிற்கும். படிக்கச் சுகம்தான், ஆனால் அவர் சொன்னது அதுவல்ல.

இவற்றைவிட மோசமான சிக்கல் கண்ணுக்கே தெரியாது. விஸ்பர் ஒலியை 30 விநாடி சன்னல்களாக எடுத்துக்கொள்கிறது. அசல் நிரலில் ஒரு சன்னலுக்கு அதிகபட்சம் 224 டோக்கன், அதாவது மாடல் எழுத்தை உடைத்துக் கையாளும் சிறு துண்டு. ஆங்கிலத்தில் ஒரு சொல்லே ஒரு டோக்கனில் அடங்கிவிடும். தமிழில் ஒரு சொல் பல டோக்கன்களை விழுங்கும். மூச்சு விடாமல் பேசுபவர் மாட்டினால் 30 விநாடிப் பேச்சு முடிவதற்குள் ஒதுக்கீடு தீர்ந்துவிடும். இடையில் மாடல் இடும் நேரக் குறியும் விழாமல் போயிருந்தால், மீதியை விட்டுவிட்டு அடுத்த சன்னலுக்குத் தாவிவிடும். தமிழில் 'இல்லை', 'மாட்டோம்', 'முடியாது' எல்லாம் வாக்கியத்தின் வாலில் உட்கார்ந்திருப்பவை. வெட்டுப்படுவதும் வால்தான்.

இதற்கு வழி, பதிவை இடைவெளி பார்த்து 10 விநாடிக்கு மிகாத துண்டுகளாக்கித் தனித்தனியாகக் கொடுப்பது. அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்க பேச்சு உள்ள இடங்களை அடையாளம் காட்டும் சிலெரோ விஏடி என்ற கருவி போதும். அதுவே இன்னொரு நோய்க்கும் மருந்து: பேச்சில்லாத இடத்தில் விஸ்பர் யாரும் சொல்லாததைக் கற்பனையாக எழுதும் பழக்கம் உடையது. மொழியைத் தானாகக் கண்டறிய விடாமல் தமிழ் என்று குறித்துவிடுங்கள். முதல் 30 விநாடியை மட்டும் கேட்டு அது முடிவு செய்வதால், ஆங்கில வரவேற்புரையோடு தொடங்கும் கூட்டத்தில் ஏமாந்துபோகும். ஒரே வரி பத்து முறை திரும்பத் திரும்ப வந்தால், முந்தைய உரையை அடுத்த சன்னலுக்குக் கடத்தும் அமைப்பை அணைக்கவும். பெயர்ப் பட்டியலைத் தூண்டுரையாக, அதாவது மாடலுக்கு முன்கூட்டியே தரும் குறிப்பாகக் கொடுக்கலாம், ஆனால் அதற்கும் டோக்கன் வரம்பு உண்டு. அன்றைய நிகழ்ச்சிக்குரிய நான்கைந்து பெயரோடு நிறுத்துங்கள். துண்டாக்கிக் கொடுக்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் அதைச் சேர்க்க வேண்டும்.

யார் பேசியது என்று விஸ்பர் பிரித்துக் காட்டாது. விஸ்பரை வைத்துக் கட்டிய விஸ்பர்எக்ஸ் அதைச் செய்ய முயல்கிறது; இருவர் நிதானமாக உரையாடும் பேட்டிக்குச் சரி, கூச்சலான டிவி விவாதத்துக்கு உதவாது.

ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், செயற்கை நுண்ணறிவு தருவதைச் சரிபார்க்கப்படாத மூலப்பொருளாகவே கொள்ள வேண்டும் என்றது. அதைத் தமிழ் மேசையில் நடைமுறையாக்க இரண்டு விதி போதும். மேற்கோளாகப் போகும் ஒவ்வொரு வரியையும் நேரக் குறியைப் பிடித்துக் காதால் கேட்க வேண்டும், வாக்கியத்தின் கடைசிச் சொல் வரை. லட்சம், கோடி, தேதி ஆகியவற்றை எண்ணாக மாற்றும்போது தடுமாறும் என்பதால், எண் வரும் வரிகள் மேற்கோளாக இல்லாவிட்டாலும் கேட்டே ஆக வேண்டும். எழுத்தாக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒலிக்கோப்பை அழித்துவிடும் அலுவலகங்கள் விஸ்பரைத் தொடாமலே இருக்கலாம்.