ஐந்து தட்டு ஸ்டீல் ரேக்: மண்டபம் உப்புக்காற்றில் 14 மாதம்

இலங்கைத் தமிழ் அகதிகள் இருக்கும் மண்டபம் கேம்ப்பில் பிள்ளைகளுக்கு நூலகம் வைக்க வசூல் பண்ணி வாங்கிய ரேக்குகளைப் பற்றித்தான் இது. (2021இல் அரசு இதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது, ஊர் வாயில் இன்னும் கேம்ப்தான்.) கடைப் பெயர் போடவில்லை, ராமநாதபுரத்தில் பீரோ விற்கிற கடைகளில் ஒன்று. ஆறரை அடி உயரம், ஐந்து தட்டு, ஒன்று 3,400 ரூபாய் என்று நான்கு எடுத்தோம். ஐந்துக்கு இரண்டு ஸ்டார். அந்த இரண்டும் வண்டி ஓட்டி வந்த அண்ணனுக்கு. கேட்டில் அனுமதிக் கடிதத்தைப் பார்த்து உள்ளே விடும்வரை ஒன்றரை மணி நேரம் வெயிலில் முகம் சுளிக்காமல் நின்றார்.

கடையில் பார்க்கும்போது பளபளவென்றுதான் இருந்தது. எத்தனை கேஜ் தகடு என்று கேட்டேன், 22 என்றார், பெரிய நம்பராக இருக்கிறதே என்று நானும் தலையாட்டினேன். கேஜ் நம்பர் கூடக் கூடத் தகடு மெலியும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. துணிமணி வைக்க அது போதும். புத்தகம் அப்படி இல்லை, ஒரு தட்டு நிறைய அடுக்கினால் அரிசிப் பை ஒன்றைத் தூக்கி வைத்த கனம், இரண்டே மாதத்தில் நடுத்தட்டுகள் தொட்டில் மாதிரித் தொய்ந்துவிட்டன. புத்தகத்துக்கு என்றால் 18 கேஜ் கேளுங்கள்.

தொய்வையாவது பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தால் அந்தப் பக்கத்து உப்பு, கச்சான் காற்று அடித்தால் இந்தப் பக்கத்து உப்பு. (கச்சான் அடிக்கிறது என்று நான் சொன்னதும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள், அவர்கள் வீட்டில் கச்சான் என்றால் வேர்க்கடலை.) பவுடர் கோட்டிங் தட்டின் மேலே மட்டும்தான் ஒழுங்காக இருக்கிறது, போல்ட் ஓட்டையிலும் வெட்டிய ஓரத்திலும் வெறும் தகடு. முதல் மழைக்காலத்திலேயே அங்கிருந்து துரு கிளம்பி, கோட்டிங் அப்பளம் மாதிரிப் பொரிந்து உரிந்தது. தட்டில் ஈரம் கோத்து, நடுவில் பின் அடித்த 16 பக்கக் கதைப் புத்தகங்களில் பின்னும் துருப்பிடித்து, 8, 9ஆம் பக்கங்களில் பழுப்புக் கறை. அதில் ஒரு யானைப் படம். ஒரு குட்டிப் பெண் கறையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "யானைக்குக் காயமோ?" என்று கேட்டாள்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். கடல் பக்கத்துக்கு வாரன்டி இல்லை தம்பி, பில்லுக்குப் பின்னால் போட்டிருக்கே என்றார். போட்டுத்தான் இருக்கிறது, எறும்பு சைஸில்.

எனக்கு எரிச்சல் வந்தது பணத்தை நினைத்துத்தான். நண்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் கேம்ப் அக்காமார் ஆளுக்கு 50 ரூபாய் கொடுத்தார்கள், பாம்பனில் ஒரு படகுக்காரர் ஒரு நாள் மீன்பிடி வருமானத்தையே கொடுத்தார். கனடா, லண்டன் சொந்தங்களும் அனுப்பத் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களிடம் இதற்கெல்லாம் பணம் வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும், அந்த வம்பே வேண்டாம் என்று உள்ளூரிலேயே முடித்தோம். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று கணக்கு, தினமும் வாட்ஸ்அப்பில் வரவு செலவு, வசூலை அவ்வளவு சுத்தமாகச் செய்தோம். ரேக் வாங்கும்போது மட்டும் கேம்ப் ஆட்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் அங்கே பெயின்ட் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். ரேக் இறங்கிய அன்றைக்கே ஓர் ஆச்சி வந்து நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்து, "உந்த இறாக்கை ஒரு மாரிக்குத் தாங்காது தம்பி" என்றார். இறாக்கை என்றால் ரேக் என்று புரியவே எனக்கு ஒரு நிமிடம் ஆனது, சிரித்து வைத்தேன். அப்புறம் பெயின்டர் அண்ணை ஒருவர்தான் இரண்டு ரேக்கைக் கழற்றி, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் இரண்டு கை அடித்து, ஓட்டைக்குள்ளும் பிரஷை விட்டு முடித்தார். கூலி வாங்கவில்லை. போல்ட்டை மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றச் சொன்னார், மாற்றினோம். ஆறு மாதம் ஆகிறது, பொட்டுத் துரு இல்லை.

பின் அடித்த புத்தகங்களை இப்போது தட்டில் வைப்பதே இல்லை. பழைய வள்ளத்துப் பலகையில் கேம்ப் ஆசாரி ஒருவர் அடித்துக் கொடுத்த தாழ்வான பெட்டியில் நிற்க வைத்திருக்கிறோம், லேசாக மீன் வாடை உண்டு. பிள்ளைகள் ரேக் பக்கம் போவதைவிட அதைச் சுற்றித்தான் உட்காருகிறார்கள், கைக்கு எட்டுகிறதல்லவா.

மீதி இரண்டு ரேக்குக்கும் மழைக்கு முன்னால் பெயின்ட் அடிக்க வேண்டும். யார் வீட்டிலாவது எனாமல் ஒரு லிட்டர் மிச்சம் கிடந்தால் சொல்லுங்கள், எந்தக் கலராக இருந்தாலும் சரி.