சைக்கிளுக்கு மெழுகு என்று சொல்லிக் கடையில் விற்றது மெழுகே இல்லை

பழைய சைக்கிள் பெயிண்டைக் காப்பாற்ற வாக்ஸ் வாங்கலாம் என்று நினைப்பவர்கள், கடைக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

என்னிடம் இருப்பது அப்பா 1986ல் வாங்கிய ஹெர்குலிஸ். கறுப்பு எனாமல், மட்கார்டிலும் பாரிலும் தங்க நிறக் கோடுகள். ஒருமுறைகூட மறுபடி பெயிண்ட் அடித்ததில்லை. வீடு திருவான்மியூரில், கடலுக்கு நடந்தே போய்விடலாம். உப்புக்காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழைக்கு முன்னால் மெழுகு பூசிவிடலாம் என்று கார் சாமான்கள் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன்.

"பழைய பெயிண்ட், தேய்த்து எடுக்கிற சரக்கு எதுவும் கலந்திருக்கக் கூடாது" என்று இரண்டு முறை சொன்னேன். "நூத்துக்கு நூறு கார்னாபா சார், காருக்கே இதான் போடுறோம்" என்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தார் கடைக்காரர். கார்னாபா என்பது ஒரு தாவர மெழுகு. 650 ரூபாய். பில்லில் "பாலிஷ்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பழைய பனியன் துணியில் தொட்டு முதலில் பாரைத் தேய்த்தேன். துணியில் கறுப்பு ஏறியது. இத்தனை வருட அழுக்கு என்று நினைத்து, அப்படியே பின் மட்கார்டுக்குப் போனேன். நாலைந்து சுற்றுதான் தேய்த்திருப்பேன். துணியைத் திருப்பினால் கறுப்புக்கு நடுவே மஞ்சளாக ஒரு தீற்றல். மட்கார்டைப் பார்த்தேன். ஒரு சாண் நீளத்துக்குக் கோடே இல்லை.

அப்புறம்தான் அந்தக் களிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கோலமாவைத் தொட்ட மாதிரி நறநறவென்று இருந்தது. டப்பாவில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் உரித்தேன். அதன் அடியில் "ரப்பிங் காம்பவுண்டு" என்று அச்சடித்திருந்தது.

காம்பவுண்டு மெழுகே அல்ல. பெயிண்டின் மேல்தோலைச் சுரண்டிப் பளபளப்பாக்கும் பொடி கலந்த களிம்பு. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத வார்னிஷ் படலம் ஒன்று இருப்பதால், அளவாகத் தேய்த்தால் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது. என் சைக்கிளில் அந்தப் படலம் கிடையாது. எனாமலும் அதன்மேல் போட்ட கோடும்தான். துணியில் ஏறிய கறுப்பு அழுக்கல்ல, பெயிண்டே.

மறுநாள் கடைக்குப் போனால், "ஓப்பன் பண்ணிட்டீங்களே சார், பெயிண்டும் பழசு, அதான் உதிருது" என்று முடித்துவிட்டார். பணமும் திரும்பவில்லை, ஒரு வருத்தமும் தெரிவிக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து பில்லில் சரக்கின் முழுப் பெயரை எழுதச் சொல்லி வாங்குங்கள். வெறும் "பாலிஷ்" என்றிருந்தால் நம் பக்கம் காட்ட எதுவும் இருக்காது.

இன்னொன்று. கார்னாபா என்பது பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. அது உருகவே 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். தேன்மெழுகுக்கு 62, 64 டிகிரி போதும். சுத்தமான கார்னாபா கல் மாதிரி இருக்கும், துணியில் தொட்டுப் பூசவே முடியாது. எண்ணெயோ கரைப்பானோ சேர்த்தால்தான் களிம்பாகும். ஆகவே பூசத் தயாரான டப்பாவைக் காட்டி "நூத்துக்கு நூறு" என்று யாராவது சொன்னால், அது பொய்.

டப்பாவில் கிளீனர், காம்பவுண்டு, கட் என்று எந்தச் சொல் இருந்தாலும் பழைய எனாமலுக்கு வேண்டாம். விலைச் சீட்டு ஒட்டியிருந்தால் கடையிலேயே உரித்துப் பாருங்கள். விரலில் தேய்த்து நறநறப்பு இல்லையென்று தெரிந்த பிறகும், பெடல் அச்சுக்கு அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில், வெள்ளைத் துணியால் முதலில் சோதியுங்கள். பளபளப்பில்லாத மேட் பெயிண்டுக்குச் சாதாரண வாக்ஸ் போட்டால் திட்டுத்திட்டாக மினுங்கும். புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் குறைந்தது ஒரு மாதம் பொறுங்கள். உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும். பிரேக் கட்டை உரசும் ரிம்மில் மட்டும் மெழுகு படவே கூடாது. பிரேக் பிடிக்காமல் போய்விடும்.

சரி, கடைசியில் வேறு இடத்தில் நறநறப்பில்லாத பேஸ்ட் வாக்ஸ் கிடைத்தது. மெல்லிசாகப் பூசி, காய்ந்ததும் துடைத்தேன். நேற்றைய மழையில் பார் மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. மட்கார்டில் போன கோடு போனதுதான். மிச்சமிருக்கும் கோடு 3 மில்லிமீட்டர் அகலம், கையால் இழுத்தது போலத்தான் தெரிகிறது. பிரஷ் பிடித்து அப்படிக் கோடு போடத் தெரிந்த பழைய கை யாராவது சென்னையில் இருந்தால் சொல்லுங்கள், சைக்கிளை நானே கொண்டுபோய் விடுகிறேன்.